வேஷம் கட்டிய ரெயிலில் பாட்டியும் பேரனும்!

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி போட்டுவிட்டால், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஒரு பக்கம் டெல்லி அப்பளம் பொரிகிற வாசனை. இன்னொரு பக்கம் வளையல் கடை, பாத்திரக் கடை. நடுவிலே விளக்குகள் ஜொலிக்கும் ராட்சத ராட்டினம். அதற்குப் பக்கத்தில் முன்னும் பின்னும் ஆடும் "கொலம்பஸ்" கப்பல். மூலையிலே டிராகன் ரெயில்.

டிராகன் ரெயிலைத் தெரியாத குழந்தை உண்டா? முன்னால் ஒரு பெரிய டிராகன் தலை. வாயைப் பிளந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். அதன் பின்னால் சில பெட்டிகள். தண்டவாளம் மேடும் பள்ளமுமாக ஒரு வட்டம் போடும். ரெயில் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறும், இறங்கும், வளையும். சில சுற்று சுற்றியதும் நின்றுவிடும். அவ்வளவுதான் ஆட்டம்.

"ஆயா, நீயும் வா ஆயா!" என்று பேரன் கையைப் பிடித்து இழுப்பான். இந்தப் பக்கத்தில் பாட்டியை "ஆயா" என்று கூப்பிடுகிற வீடுகள் அதிகம்.

"எனக்கு எதுக்குடா இந்த வயசுலே? நீ போய்ட்டு வா. செருப்பை நான் பாத்துக்கிறேன்" என்பார் பாட்டி.

பேரன் அழுவான். டிக்கெட் கிழிப்பவர், "ஏறுங்கம்மா, ஒண்ணும் ஆகாது" என்பார். பாட்டியும் ஏறிவிடுவார். இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பேரனைவிடப் பாட்டிக்குத்தான் சிரிப்பு அதிகம்.

இப்போது ஒரு கேள்வி. அந்த டிராகன் தலையைக் கழற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதே தண்டவாளம், அதே பெட்டி, அதே வேகம்தான். ஆனால் எந்தக் குழந்தையும் அழுது அடம் பிடித்து அதில் ஏறாது. பேரன் ஏறியது தகரப் பெட்டியில் அல்ல. டிராகன் முதுகில்!

ரெயிலுக்கு வேஷம் கட்டுகிற இந்த வித்தைக்காகத்தான் உலகத்தில் உள்ள பெரிய பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் இன்று பணத்தைக் கொட்டுகின்றன.

பை காக்கும் பாட்டி

மேட்டிலிருந்து சறுக்கி விழுந்து, வளைந்து, நெளிந்து ஓடும் இந்த ரெயிலுக்கு இங்கிலீஷில் "ரோலர் கோஸ்டர்" என்று பெயர். தமிழில் சறுக்கு ரெயில் என்று சொல்லலாம்.

சறுக்கு ரெயிலில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வாலிபர்களுக்கானது. இருநூறு, முந்நூறு அடி உயரத்திலிருந்து தலைகீழாக விழும். ஆளைத் தலைகீழாகப் புரட்டும். அதில் ஏறி இறங்குபவர்கள் வெளுத்த முகத்தோடு, "பிரமாதம்!" என்பார்கள்.

மற்றொன்று குடும்ப ரெயில். உயரம் குறைவு. வேகமும் குறைவு. தலைகீழாகப் புரட்டாது. நான்கு, ஐந்து வயதுக் குழந்தையும் ஏறலாம். உடம்பு நன்றாக இருக்கிற தாத்தா பாட்டியும் ஏறலாம்.

சிதம்பரத்திலிருந்து ஒரு குடும்பம் அதிகாலையில் வேன் பிடித்துச் சென்னைப் பக்கம் உள்ள பூங்காவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேர். எட்டு டிக்கெட். கட்டுச்சோறு, தண்ணீர், மாற்றுத் துணி. உள்ளே போனதும் என்ன நடக்கிறது? அண்ணன்மார் பெரிய ரெயிலுக்கு ஓடுகிறார்கள். தங்கையை அளவுகோல் பக்கத்தில் நிறுத்திப் பார்த்து, "உயரம் போதாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அவள் அழுகிறாள். அவளைச் சமாதானப்படுத்த அம்மா நின்றுவிடுகிறார். பாட்டி மரத்தடியில் ஏழு ஜோடிச் செருப்பையும் நான்கு பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சாயந்திரம்வரை அவருக்கு அதுதான் பூங்கா! டிக்கெட் என்னவோ அவருக்கும் வாங்கியதுதான்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் குடும்ப ரெயில் வந்தது. ஆனால் அதிலே ஒரு சங்கடம். பயம் இல்லாத சறுக்கு ரெயில் சப்பென்று இருக்குமே! பெரிய பிள்ளைகள் அதைத் திரும்பிப் பார்ப்பார்களா? பயத்தைக் குறைத்தால், அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்கவேண்டும். கதையை வைத்தார்கள். வேஷத்தை வைத்தார்கள்.

சிதம்பரம் தேரைப் பாருங்கள்

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புது விஷயம் என்று நினைக்கவேண்டாம். சிதம்பரத்துக்காரர்களுக்கு இது தாத்தா காலத்துச் சமாசாரம்.

நடராஜர் கோவில் தேர்கள் விழா இல்லாத நாளில் எப்படி இருக்கின்றன? மரச் சட்டமும் சிற்பங்களும் சக்கரமுமாகச் சும்மா நிற்கின்றன. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனித் திருமஞ்சனமும் மார்கழித் திருவாதிரையும் நெருங்கட்டும். ஆட்கள் ஏறிச் சாரம் கட்டுகிறார்கள். வண்ணத் தேர்ச்சீலை சுற்றுகிறார்கள். உருளை உருளையாகத் தொம்பைகள் தொங்குகின்றன. முன்னால் மரக் குதிரைகள் பாய்கின்றன. வாழை மரமும் பூமாலையும் ஏறுகின்றன. இரண்டு மூன்று நாளில் தேர் உயரமாகிவிடுகிறது; அகலமாகிவிடுகிறது; உயிர் வந்து நிற்கிறது.

தேர் அன்று விநாயகர், முருகன், நடராஜர், சிவகாமசுந்தரி, சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர்கள் நான்கு வீதியையும் சுற்றி வருகின்றன. வேகம் என்ன? மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. வடம் பிடிப்பவர்கள் இழுக்கிறார்கள். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை போடுபவர்கள் தேரைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். ஆனாலும் தேர் முனை திரும்பும்போது கூட்டத்துக்கு மூச்சே நின்றுவிடுகிறது. கைக்குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் அங்கே இடம் உண்டு. வீட்டுக்கு வீடு கதை உண்டு.

பக்தி வேறு, கேளிக்கை வேறு. இரண்டையும் ஒன்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால், மெதுவாகப் போகிற ஒரு வண்டியைப் பார்த்து லட்சம் பேர் மெய்ம்மறப்பது எப்படி என்று கேட்டால், அதற்குப் பதில் கீழவீதியில் இருக்கிறது.

பனிக்கட்டிச் சறுக்கு

சறுக்கு ரெயிலின் பிறந்த வீடு ரஷியா. அங்கே குளிர்காலத்தில் எல்லாமே உறைந்துவிடும். சுமார் முந்நூறு வருஷங்களுக்கு முன்பே, மரத்தால் பெரிய சரிவு கட்டி, அதன்மேல் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, சறுக்குப் பலகையில் உட்கார்ந்து "சர்"ரென்று இறங்கி விளையாடினார்கள்.

அதைப் பார்த்த பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆசை வந்துவிட்டது. பாரிஸ் நகரில் அவ்வளவு பனி ஏது? 1817-ல் சக்கரம் வைத்த வண்டியைத் தடத்தில் விட்டார்கள். அதற்கு "ரஷிய மலை" என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழியில் இன்றும் சறுக்கு ரெயிலுக்கு அதே பெயர்தான். கடலூருக்குப் பக்கத்தில் உள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், ரஷியர்கள் இதை "அமெரிக்க மலை" என்கிறார்கள்!

அமெரிக்காவுக்கு இந்த விளையாட்டைப் பெரிதாகக் கொண்டுவந்தவர் லாமார்க்கஸ் தாம்சன். நியூயார்க் அருகே கோனி தீவு என்று ஒரு கடற்கரை இருக்கிறது. 1884-ல் அங்கே அவர் ஒரு சறுக்கு ரெயில் போட்டார். கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிளில் போகிறவர் முந்திவிடலாம்! ஆனாலும் கூட்டம் முண்டியடித்தது.

கூட்டத்தைப் பார்த்துப் போட்டிக்காரர்கள் கிளம்பினார்கள். இன்னும் உயரம், இன்னும் வேகம் என்று போனார்கள். தாம்சன் என்ன செய்தார் தெரியுமா? வேகத்தைத் தேடி ஓடவில்லை. 1887-ல் அட்லாண்டிக் சிட்டி என்ற ஊரில் தன் ரெயிலுக்கு ஒரு குகை கட்டினார். குகைக்குள் வண்ண வண்ண ஓவியக் காட்சிகளை வைத்தார். உள்ளே கும்மிருட்டு. வண்டி காட்சிக்குப் பக்கத்தில் வந்ததும், சக்கரம் தட்டி விளக்கு தானாக எரியும். "ஆ!" என்று வாய் பிளப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். அடுத்த காட்சி வரும்.

இன்றைய பூங்காக்களில் நடக்கிற அத்தனை ஜாலவித்தைக்கும் அந்தக் குகைதான் தாய்.

தாம்சன் காட்டிய வழியில் வந்த ஒரு ரெயில் ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரத்து லூனா பூங்காவில் இருக்கிறது. 1912-ல் ஓடத் தொடங்கியது. அதில் ஒரு விசேஷம். பெட்டிகளுக்கு நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டே வருவார். வேகம் மிஞ்சினால் கைப்பிடியை இழுத்துப் பிரேக் போடுவது அவர் வேலை. தேருக்கு முட்டுக்கட்டை போடுபவரின் சொந்தக்காரர் என்று சொல்லலாம்.

மலைக்குள் ஒளிந்த ரெயில்

வேஷம் கட்டுவதில் எல்லோரையும் மிஞ்சியவர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியை உலகத்துக்குக் கொடுத்தவர். 1955-ல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து பூங்காவைத் திறந்தார். சில வருஷங்கள் கழித்து அவருடைய கம்பெனி சுவிட்சர்லாந்தில் ஒரு மலையேறும் படம் எடுத்தது. அங்கே அவர் மாட்டர்ஹார்ன் என்ற மலையைக் கண்டு மயங்கினார். "இதே மாதிரி ஒரு மலை நம் பூங்காவிலும் வேண்டும்" என்று தீர்மானித்தார்.

1959-ல் மலை எழுந்தது. உண்மை மலை சுமார் 14,700 அடி. பூங்கா மலை 147 அடி. சரியாக நூறில் ஒரு பங்கு! மலைக்குள்ளே இரும்புக் குழாயில் தண்டவாளம். அதுவரை சறுக்கு ரெயிலின் தடத்தில் மரமும் இரும்புப் பட்டையும்தான் இருந்தன. உருண்டைக் குழாயில் ஓடிய முதல் சறுக்கு ரெயில் அதுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரெயில் தெரியாது. மலைதான் தெரியும். மலையிலிருந்து திடீரென்று ஒரு வண்டி எட்டிப் பார்க்கும். அலறல் கேட்கும். மறுபடி மறைந்துவிடும். மலை உயரமாகத் தெரிவதற்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். அடியில் பெரிய மரம், மேலே போகப் போகச் சின்ன மரம் நட்டார்கள். கண் ஏமாறுகிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இது புரியும். நிலைக்கு நிலை சிறுத்துக்கொண்டே போகிற கோபுரம், வானத்தைத் தொடுவதுபோல் தோன்றுகிறது அல்லவா?

அந்த மலைக்கு இன்னொரு கதையும் உண்டு. பத்தொன்பது வருஷம் ஓடியபிறகு, 1978-ல், குகைக்குள் ஒரு பனி மனிதப் பூதத்தை வைத்தார்கள். சிவந்த கண்ணோடு உறுமும். ரெயில் பழைய ரெயில்தான். பூதம் வந்ததும் புது ரெயில் ஆகிவிட்டது!

டிஸ்னி கம்பெனி 1975-ல் புளோரிடாவில் வைத்த "விண்வெளி மலை" இன்னும் வேடிக்கை. அதன் வேகம் மணிக்குச் சுமார் 27 மைல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற அரசு பஸ் அதைவிட வேகமாகப் போகும். ஆனால் அதில் ஏறியவர்கள் நூறு மைல் வேகத்தில் பறந்தோம் என்று சத்தியம் செய்வார்கள். காரணம்? இருட்டு. முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. சுற்றிலும் நட்சத்திரப் புள்ளிகள் மட்டும். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரியாதவனுக்குச் சின்னத் திருப்பமும் பெரிய திருப்பம்தான்.

வரிசையில் நிற்பதும் ஆட்டம்தான்

பூங்காவுக்குப் போனவர்களின் பெரிய புகார் எது? வரிசை! இரண்டு நிமிஷச் சவாரிக்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். வெயில். குழந்தை சிணுங்கும். தண்ணீர் தீர்ந்துவிடும்.

புதிய குடும்ப ரெயில்களில் இதற்கும் வழி செய்கிறார்கள். ஆட்டம் ரெயிலில் தொடங்குவதில்லை. வரிசையிலேயே தொடங்கிவிடுகிறது.

2014-ல் புளோரிடாவில் திறந்த "ஏழு குள்ளர்களின் சுரங்க ரெயில்" இதற்கு நல்ல உதாரணம். ஹிமவெள்ளை என்ற ராஜகுமாரியின் கதை எல்லாக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்கு அடைக்கலம் கொடுத்த ஏழு குள்ளர்கள் சுரங்கத்தில் ரத்தினம் தோண்டுபவர்கள். இங்கே வரிசையில் நிற்கிற குழந்தைகள் ரத்தினக் கல்லைக் கழுவி விளையாடலாம். பீப்பாயைச் சுழற்றலாம். பிறகு சுரங்க வண்டியில் ஏறவேண்டும். அந்த வண்டி தொட்டில்போல் இரண்டு பக்கமும் ஆடும். வளைவில் திரும்பும்போது "ஐயோ!" என்று சிரிப்பு வரும். நடுவில் ரெயில் மெதுவாகக் குகைக்குள் போகும். குள்ளர்கள் வேலை செய்வதைப் பார்க்கலாம். பிறகு மறுபடி சறுக்கல். ஏறுவதற்குக் குறைந்த உயரம் 38 அங்குலம்தான். அளவுகோலின் பக்கத்தில் அழுத தங்கை, இங்கே அண்ணனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

நெதர்லாந்து நாட்டில் எப்டெலிங் என்ற பழைய பூங்கா இருக்கிறது. 1952-ல் தொடங்கியது. அங்கே 2020-ல் "மாக்ஸும் மோரிட்ஸும்" என்ற ரெயிலை வைத்தார்கள். இவர்கள் 1865-ல் வந்த ஒரு ஜெர்மன் படக்கதையின் வாண்டுப் பயல்கள். ஊரையே ஆட்டி வைப்பார்கள். மாக்ஸுக்கு ஒரு ரெயில், மோரிட்ஸுக்கு ஒரு ரெயில். இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தடத்தில் ஓடுகின்றன. "நீ எந்தப் பயல் கட்சி?" என்று குடும்பமே இரண்டாகப் பிரிந்து கத்தும்! இதிலே கவனிக்கவேண்டியது ஒன்று. நம் மஞ்சக்குப்பம் டிராகன் ரெயிலைப் போலவே இதையும் மோட்டார்தான் ஓட்டுகிறது. சுற்றிச் சுற்றித்தான் வருகிறது. ஜாதி ஒன்றுதான். சீர் வரிசைதான் வேறு.

2019-ல் புளோரிடாவில் ஹாரி பாட்டர் கதையை வைத்து ஒரு ரெயில் வந்தது. இது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. பெட்டிக்குப் பதில் மோட்டார் சைக்கிளும் பக்கத்தில் ஒட்டிய தொட்டி வண்டியும். திறந்த அன்று ஜனங்கள் பத்து மணி நேரம்வரை வரிசையில் நின்றார்கள்! வேகத்துக்காக மட்டும் யாராவது பத்து மணி நேரம் நிற்பார்களா? அந்த மோட்டார் சைக்கிளில் உட்காரத்தான் நின்றார்கள்.

"கட கட" சத்தம் எதற்கு?

பெரும்பாலான சறுக்கு ரெயில்களில் என்ஜின் கிடையாது. ஒரு சங்கிலி ரெயிலைப் பிடித்து முதல் மேட்டின் உச்சிக்கு இழுத்துப்போய் விட்டுவிடும். பிறகு ரெயில் தன் பாரத்தாலேயே விழுந்து, அந்த வேகத்தில் அடுத்த மேட்டில் ஏறும். அதனால்தான் முதல் மேடு எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கிறது.

ஏறும்போது "கட கட கட" என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டாலே பலருக்கு வயிற்றைக் கலக்கும். உண்மையில் அது பயப்படவேண்டிய சத்தம் அல்ல. சங்கிலி அறுந்தாலும் ரெயில் பின்னால் ஓடிவிடாதபடி ஒரு கொக்கி பல்லுக்குப் பல் விழுந்து பிடித்துக்கொண்டே வருகிறது. அந்தச் சத்தம்தான் அது. காவல்காரன் தடியைத் தட்டிக்கொண்டு வருவதுபோல! சில புதிய ரெயில்களில் சத்தம் வராமல் செய்துவிடுகிறார்கள். அதில் பாதி சுவாரசியம் போய்விடுகிறது.

சக்கரமும் ஒன்று அல்ல. தண்டவாளத்தின் மேலே ஒரு சக்கரம். பக்கவாட்டில் ஒன்று. அடியில் ஒன்று. மூன்றும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விக்கொள்கின்றன. அடிச் சக்கரத்துக்கு 1919-ல் காப்புரிமை வாங்கியவர் ஜான் மில்லர் என்ற அமெரிக்க என்ஜினீயர். அது வந்த பிறகுதான் ரெயில் மேட்டில் எகிறினாலும் தடத்தை விட்டுப் போகாது என்ற தைரியம் வந்தது.

நம் நாட்டில் வந்த கதை

இந்தியாவில் பெயரிலேயே வேஷம் கட்டிய பூங்கா டெல்லியின் அப்பு கர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் குட்டி யானை அப்புவை எல்லோருக்கும் பிடித்துப்போனது. அதன் பெயரில் 1984-ல் பூங்கா திறந்தது. 2008-ல் மூடப்பட்டது.

தமிழ்நாட்டில் 1995-ல் தாம்பரம் அருகே "கிஷ்கிந்தா" திறந்தபோது ஊரெல்லாம் அதே பேச்சு. வானரர்களின் ராஜ்யத்துப் பெயர்! குதித்து விளையாடுகிற இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அதைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். கண்ணாடி போட்டுப் பார்க்கும் "மைடியர் குட்டிச்சாத்தான்" என்ற முப்பரிமாணப் படத்தை 1984-ல் தயாரித்தவர். சினிமாக்காரருக்கு வேஷத்தின் அருமை தெரியாதா?

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் "வொண்டர்லா" பூங்கா திறந்தது. கடலூரிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரப் பயணம். அங்கே "தஞ்சோரா" என்று ஒரு பெரிய சறுக்கு ரெயில் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும். ஆள் அடியில் கால் தொங்க உட்கார்ந்து போகவேண்டும். சுவிட்சர்லாந்துக் கம்பெனி செய்தது. பெயர் தஞ்சாவூரை நினைவூட்டுகிறது. இது வாலிபர் ஜாதி. சின்னக் குழந்தையும் பாட்டியும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

தஞ்சாவூர்ப் பெயர் வந்தது சந்தோஷம். ஆனால் பெரிய ரெயிலுக்குக் கிடைத்த நல்ல பெயர், சின்ன ரெயிலுக்கு எப்போது கிடைக்கும்? நம் பக்கத்துக் குழந்தைகள் ஏறுகிற வண்டிகளில் பெரும்பாலும் என்ன இருக்கிறது? சீனத்து டிராகன், அமெரிக்க எலி, எங்கேயோ பார்த்து வரைந்த பொம்மை. ஒலிபெருக்கியில் காது கிழியச் சினிமாப் பாட்டு. வண்டிக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பொம்மைக்கும் ஊருக்கும் சம்பந்தம் இல்லை.

கடலூரில் கதைக்கா பஞ்சம்?

உலகம் முழுவதும் குடும்ப ரெயிலுக்கு அதிகமாகக் கட்டுகிற வேஷம் சுரங்க ரெயில். 1966-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணத்தில் ஒன்று வந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. தங்கச் சுரங்கம் இல்லாத நாட்டில்கூடத் தங்கச் சுரங்க ரெயில் ஓடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் உண்மைச் சுரங்கமே இருக்கிறது! நெய்வேலியில் நிலக்கரி தோண்ட 1956-ல் நிறுவனம் தொடங்கினார்கள். அங்கே மண்ணை வெட்டுகிற எந்திரம் ஒரு வீதி அகலம் இருக்கும். அதன் முனையில் பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். ராட்சத ராட்டினம் மண் வெட்டுவதுபோல் இருக்கும்! வெட்டிய கரி பட்டையில் ஏறி மைல் கணக்கில் ஓடுகிறது. அந்தச் சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்ன ரெயில் நுழைந்து போனால் எப்படி இருக்கும்? அப்பா நெய்வேலியில் வேலை பார்க்கிற குழந்தை, "இது எங்கப்பா ரெயில்!" என்று கத்தாதா?

பிச்சாவரத்தையும் சொல்லவேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது தில்லை மரத்தால். அந்த மரம் இன்றும் பிச்சாவரத்துக் காட்டில் இருக்கிறது. படகில் போனால் இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வேர்களைத் தண்ணீரில் ஊன்றி நிற்கும். கிளைகள் மேலே கவிந்து குகை மாதிரி ஆகிவிடும். எம்.ஜி.ஆர். நடித்த "இதயக்கனி" படத்தில் (1975) இந்தக் காட்டைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தாம்சன் காசு செலவழித்துக் கட்டிய குகையை இங்கே கடலும் மரமும் சும்மா கட்டி வைத்திருக்கின்றன. அந்தக் காட்டில் ரெயில் விடக்கூடாது; காடு கெட்டுப்போகும். அதைப் பார்த்து வேறு இடத்தில் ஒரு காடு கட்டலாம்.

கட்டுவதற்கு ஆளும் வெளியில் தேடவேண்டாம். பூங்காக்களில் பொய் மலை எப்படிச் செய்கிறார்கள்? இரும்புக் கம்பியை வளைத்து, வலை கட்டி, மேலே சிமெண்டு பூசி, ஈரம் காய்வதற்குள் பாறை மாதிரி செதுக்கி, வர்ணம் அடிக்கிறார்கள். கோபுரத்தில் சுதைப் பொம்மை செய்கிற ஸ்தபதிக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவேண்டுமா? தெருக்கூத்துக்குக் கிரீடமும் புஜகீர்த்தியும் செய்கிறவர்கள் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் இருக்கிறார்கள். மரக்கட்டையும் வர்ணக் காகிதமும் அவர்கள் கையில் துரியோதனன் ஆகின்றன. ஒரு ரெயில் பெட்டி ஆகாதா?

வேஷத்துக்கு உள்ளே

ஒரு விஷயத்தில் மட்டும் வேஷத்தை நம்பக்கூடாது.

பளபளவென்று வர்ணம் அடித்த ரெயில் பத்திரமான ரெயில் என்று அர்த்தம் இல்லை. கடலூர் கடற்கரை ஊர். உப்புக் காற்று இரும்பைத் தின்னும். 2004 சுனாமியையும், 2011 டிசம்பர் 30-ந் தேதி அடித்த தானே புயலையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காற்றின் குணம் தெரியும். டிராகனின் தோலுக்கு அடியில் உள்ள நட்டும் போல்ட்டும்தான் குழந்தையைத் தாங்குகின்றன. அதனால் நல்ல பூங்காக்களில் பொய் மலைக்குள் ஆள் போய்ப் பார்க்க வழி விட்டுத்தான் கட்டுகிறார்கள். தினமும் காலையில் கதவு திறக்குமுன் ஆட்கள் தடத்தைச் சோதிக்கிறார்கள். வெறும் ரெயிலை ஓட்டிப் பார்க்கிறார்கள்.

பொருட்காட்சிக்குப் போகிற தாய் தந்தையரும் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். மடிமேல் விழும் தடுப்புக் கம்பியை ஓட்டுகிறவர் ஒவ்வொரு பெட்டியாக இழுத்துப் பார்க்கிறாரா? சேலைத் தலைப்பு, துப்பட்டா வெளியே தொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாரா? உயரம் போதாத குழந்தையைத் திருப்பி அனுப்புகிறாரா? அனுப்பினால் அவரோடு சண்டை போடவேண்டாம். அந்தக் கம்பி குட்டிக் குழந்தையின் மடியைப் பிடிக்காது; சந்து வழியே நழுவிவிடும். குதிகாலை உயர்த்தி நிற்கச் சொல்லி ஏமாற்றுகிற அப்பாக்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். இதய நோய், முதுகு வலி உள்ள பெரியவர்களும், கர்ப்பிணிகளும் குடும்ப ரெயில்தானே என்று ஏறிவிடக்கூடாது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் பொருட்காட்சி முடிந்துவிட்டது. மறுநாள் காலை. ராட்சத ராட்டினம் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. தண்டவாளத்தைக் கழற்றி லாரியில் அடுக்குகிறார்கள். கடைசியில் நான்கு பேர் சேர்ந்து டிராகன் தலையைத் தூக்கி ஏற்றுகிறார்கள். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, பேரன் நின்று பார்க்கிறான்.

"அண்ணே, இது எங்கே போகுது?" என்று கேட்கிறான்.

"சிதம்பரம்டா தம்பி. ஆனித் திருமஞ்சனத்துக்கு."

பேரன் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறான்.

"சரி, போவோம். தேரையும் பாத்த மாதிரி இருக்கும்" என்கிறார் பாட்டி.